மேலே தேடிய கை

யெல்ஷோவெட்ஸ்
மார்ச் 14

அன்புள்ள ஏடிடா அக்காவுக்கு,

கடவுள் கைகொடுக்கட்டும்! இங்கே நானும் மார்டாவும் சுகம். என் காது மட்டும் அப்படியேதான் இருக்கிறது. போன வாரம் நீ போன் செய்தபோது உன் குரல் தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கியது போலத்தான் கேட்டது. மார்டாவிடம் பேசிக்கொள். எனக்கு எழுது. சுரங்க வெடிவிபத்துக்குப் பிறகு பதின்மூன்று வருடமாக இப்படித்தானே நடக்கிறது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

சேதி இதுதான். சுரங்கத்தை மூடுவது முடிவாகிவிட்டது. இப்போது வெட்டுகிற பகுதியோடு சரி. சொன்ன அன்று எல்லோரும் குளித்து, உடை மாற்றி, வீட்டுக்குப் போனோம். ஐம்பத்து மூன்று வயதில் என்னை யார் எடுப்பார்கள் என்று பயந்துவிட்டேன் அக்கா.

ஆனால் எடுத்துவிட்டார்கள்! நம் ஊருக்கு வெளியே கொதிகலன் கம்பெனி இருக்கிறதே, அவர்கள் புதுக் கூடம் கட்டி இருநூறு பேரைச் சேர்க்கிறார்கள். எரிவாயுக் கொதிகலனைக் குறைத்துவிட்டு ஹீட் பம்ப் செய்யப் போகிறார்களாம். வெளிக்காற்றில் இருக்கிற சூட்டை இழுத்து வீட்டுக்குள் விடுகிற பெட்டி. கரியும் வேண்டாம், விறகும் வேண்டாம். ஊர்க் கலையரங்கத்தில் ஆள் எடுக்க மேசை போட்டு உட்கார்ந்திருந்த கம்பெனி அம்மா கேட்டார்: "முப்பத்தோரு வருஷம் பூமிக்கு அடியில என்ன வேலை பாத்தீங்க?"

"கேஸ் இருக்கான்னு பாத்தேன்" என்றேன்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "உங்களைத்தான் தேடிட்டிருக்கோம்" என்றார். அந்தப் பெட்டிக்குள்ளே ஓடுவது புரொப்பேன் வாயு. கசிகிறதா என்று பார்க்க ஆள் வேண்டுமாம். என்னையும், என் பழைய குழுவில் பெலோ உட்பட ஐந்து பேரையும் சேர்த்து, என்னையே தலைவனாகப் போட்டுவிட்டார்கள். உதட்டைப் படித்தே சமாளித்துவிட்டேன்; காதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

உன் தம்பி,
சிரில்


விஷ்னி பொடோக், ஓராவா
மார்ச் 27

என் தம்பி சிரிலுக்கு,

கர்த்தர் உன்னையும் மார்டாவையும் காப்பாராக. முழங்கால் வலி பனியோடு சேர்ந்து உருகும் என்று பார்த்தேன், உருகவில்லை. மற்றபடி சுகம். நிலத்துக்கு மேலே வந்த பிறகும் சுரங்கக்காரன் வணக்கம்தானா? இனிமேல் மனுஷன் மாதிரி "வணக்கம்" என்று ஆரம்பிக்கக் கூடாதா?

வேலை கிடைத்ததற்குக் கோவிலில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். ஆனால் உன் கடிதத்தில் ஒரு வார்த்தை வந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டேன். அதே கேஸ். அதே நீ. எரிவாயு வேண்டாம் என்கிற கம்பெனி பெட்டிக்குள் எரிவாயுவை ஏன் அடைக்கிறது?

நான் மறக்கவில்லை சிரில். சுரங்க வாசலில் பதினேழு மணி நேரம் நின்றேன். ஒன்பது பேரைப் போர்வை போட்டு மூடிக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு போர்வைக்கும் கீழே பூட்ஸைத்தான் பார்த்தேன், உன்னுடையதா என்று. அன்று காலையில், முறைப்படி வாயு பார்க்க வேண்டிய டுபெட்ஸ் பலகையில் சாக்பீஸால் எழுதியிருந்தான்: "பார்த்தாயிற்று, வாயு இல்லை." கீழே அவன் பேரின் முதல் எழுத்து. அவன் அந்த இடத்துக்குப் போகவே இல்லை, மேலேயே உட்கார்ந்து எழுதிவிட்டான் என்று பிறகுதான் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் உனக்கு முதலில் பேச்சு வந்தபோது என்ன சொன்னாய்? "அந்த சாக்பீஸை அவன் தொண்டையில திணிக்கணும்" என்றாய். கட்டிய மனைவி மார்டாவைக்கூடக் கேட்கவில்லை, இதைத்தான் சொன்னாய்.

அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். எனக்கு உண்மையை எழுது. காது கேட்ட காலத்தில் போனில்தான் நீ பொய் சொல்வாய். இப்போது போனுக்கு வழியில்லை, கடிதத்திலாவது பொய் வேண்டாம்.

ஏடிடா


யெல்ஷோவெட்ஸ்
மே 22

அன்புள்ள அக்காவுக்கு,

கடவுள் கைகொடுக்கட்டும்! (வேண்டுமென்றேதான்.) நாங்கள் சுகம். பதில் தாமதத்துக்குத் திட்டாதே, பயிற்சி, ஷிஃப்ட் என்று நாள் ஓடிவிட்டது.

மூன்று வாரப் பயிற்சி என்றார்கள், நாலு நாளில் முடித்துவிட்டார்கள். ஆர்டர் மலையாகக் குவிந்திருக்கிறது, ஜெர்மனியில் இருந்து தினம் கேட்கிறார்களாம். கற்றுக்கொடுத்தவள் ஸிமோனா, முப்பது வயதுகூட இருக்காது. கசிவு பார்க்கிற கருவி டார்ச்சு போல இருக்கும், நுனியில் ஒரு வளையும் குழாய். இங்கே எல்லோரும் அதை மூக்கு என்கிறார்கள். வாயு பட்டால் கையில் அதிரும், சிவப்பு விளக்கு எரியும். செவிடனுக்கென்றே செய்தது போல இருந்தது, மனசு லேசாகிவிட்டது.

முதல் நாள் நான் மூக்கை எடுத்து நேராகப் பெட்டியின் தலைக்கு மேலே நீட்டினேன். ஸிமோனா சிரித்துவிட்டாள்.

"கீழேர்ந்து ஆரம்பிங்க சார். இது கனமான வாயு, தரைக்குத்தான் இறங்கும்."

"நீ தொட்டில்ல கெடக்கும்போதே நான் கேஸ் பாத்தவம்மா" என்றேன். பெலோ விழுந்து விழுந்து சிரித்தான். அவள் முகம் சிவந்துவிட்டது.

அவள் சொன்னது சரிதான், எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் சுரங்க வாயு லேசானது, கூரையை ஒட்டித் தவழும். முப்பத்தோரு வருடம் கருவியைத் தலைக்கு மேலே தூக்கியே பழகிய கை, தானாகப் போகிறது. எங்கே தொடங்கினால் என்ன, சுற்றி வந்தால் சரி.

இரண்டாவது கூடத்துக்கு வரவேண்டிய சோதனை அறை எட்டு நாள் தாமதமாக வந்தது. பெட்டியை உள்ளே வைத்துப் பூட்டினால் அதுவே கசிவைக் கண்டுபிடித்துவிடும். அது வரும்வரை நாங்கள் ஆறு பேரும் கையாலேயே பார்த்தோம். பெட்டிக்குப் பத்து நிமிடம், எட்டு நாளில் நூற்றுப் பன்னிரண்டு பெட்டி. சுரங்கத்து வழக்கத்தை நாங்கள் விடவில்லை. பார்த்து முடித்த பெட்டிக்கு உள்மூடியில் சாக்பீஸால் தேதியும் பேரின் முதல் எழுத்தும் போட்டோம். மேலதிகாரிக்கு அது பிடித்துவிட்டது, கைகுலுக்கினார்.

இப்போது உனக்கு ஒரு சேதி. தொழிலாளிகளுக்குக் குறைந்த விலையில் ஒரு பெட்டி தருகிறார்கள். நான் உனக்கென்று ஒன்று ஒதுக்கிவிட்டேன். உன் முழங்காலோடு இன்னொரு குளிர்காலம் நீ கரி வாளியைத் தூக்கிக்கொண்டு படி ஏறக்கூடாது. மறுக்காதே. நானே என் கையால் பார்த்த பெட்டி, உள்ளே "சி" என்று இருக்கும்.

சிரில்


விஷ்னி பொடோக்
ஜூன் 9

தம்பிக்கு,

கர்த்தர் காப்பாராக. நான் சுகம், கோழிகளும் சுகம், முழங்காலைக் கேட்காதே.

மறுக்கத்தான் உட்கார்ந்தேன். இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். பிறகு வீட்டுக்கு அடியில் இருக்கிற கீழறைக்குப் போய்க் கரித்தொட்டியைப் பார்த்தேன், போன ஜனவரியில் அந்தப் படியில் உருண்டு விழுந்து இரண்டு மணி நேரம் கிடந்தது நினைவு வந்தது. அதை உனக்கு எழுதவில்லை. இப்போது எழுதிவிட்டேன், உண்மை இருபக்கமும் இருக்கட்டும்.

அனுப்பு. நீ பார்த்தது என்றால் எனக்குப் பயமில்லை.

அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டாயா? கேட்டிருக்க மாட்டாய்.

ஏடிடா


விஷ்னி பொடோக்
செப்டம்பர் 18

தம்பிக்கு,

கர்த்தர் உங்களைக் காப்பாராக. ஜூலையில் பெட்டி வந்தது. நீ ஒரு வரிகூடப் போடவில்லை. மார்டா போனில் "மூணு ஷிஃப்டு ஓடுறாரு, வந்தா படுக்கைதான்" என்றாள். சாப்பிடுகிறாயா?

பெட்டியை நம் ஊர்ப் பிளம்பர் இம்ரோ வந்து பொருத்தினான். அவன் முன்னே இதைத் தொட்டதில்லை. ஆனால் குறிப்புப் புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, விரலை நக்கி நக்கிப் புரட்டித்தான் செய்தான். வீட்டின் வடக்குச் சுவரை ஒட்டி நிற்கிறது. பக்கத்தில் ஜன்னலோ திறப்போ ஒரு மீட்டருக்குள் இருக்கக்கூடாது என்று போட்டிருந்ததாம். அங்கே வெளியிலிருந்து கீழறைக்குள் கரி கொட்டுகிற பழைய வாய்தான் இருக்கிறது. நான் கேட்டேன், "இது திறப்பு இல்லையாடா?" என்று.

"இரும்பு மூடி இருக்கேம்மா, இதப் போய் ஜன்னல்னு சொல்லுவியா?" என்றான். வேறு இடத்தில் வைத்தால் என் ரோஜாச் செடியைப் பிடுங்க வேண்டியிருந்தது, அதனால் நானும் வாயை மூடிக்கொண்டேன்.

சிரில், வீடு சூடாக இருக்கிறது! ஒரு குச்சிகூட எரிக்கவில்லை. பக்கத்து வீட்டு மாக்டா வந்து பெட்டியின் முன்னால் நின்று, கோவிலில் நிற்பது போல முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "என் தம்பி செஞ்சது" என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன்.

கீழறை காலியாகிவிட்டது. இந்த வருடம், காகிதம் போல மெல்லிசான நம் கிறிஸ்துமஸ் அப்பங்களை அங்கேயே சுடப்போகிறேன். கேஸ் அடுப்பையும் அப்ப அச்சையும் கீழே இறக்கியாயிற்று. பாதர் ஆயிரத்து அறுநூறு கேட்டிருக்கிறார். பூண்டும் தேனும் தடவிச் சாப்பிட உனக்கும் ஒரு கட்டு வரும்.

ஏடிடா


யெல்ஷோவெட்ஸ்
நவம்பர் 10

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா? நாங்கள் சுகம். எழுதாமல் இருந்ததற்கு மன்னித்துவிடு, வேலை அதிகம்.

சில விஷயம் மட்டும் கேட்கிறேன். பெட்டி முன்போலவே சூடு தருகிறதா, குறைந்திருக்கிறதா? அந்தக் கரி கொட்டும் வாயின் மூடி இறுக்கமாக மூடுகிறதா? இம்ரோவைக் கூப்பிட்டு, பெட்டியை அங்கிருந்து நகர்த்த முடியுமா என்று கேள். ரோஜாச் செடி போனால் போகட்டும், வேறு வாங்கித் தருகிறேன்.

இந்த வருடம் கீழறையில் அப்பம் சுடாதே. படி ஏறி இறங்கினால் முழங்காலுக்கு ஆகாது. மேலே சமையலறையில் சுடு, இல்லாவிட்டால் வேறு யாராவது சுடட்டும். கீழறைக்கே போகாமல் இருந்தால் நல்லது. பகலில் கதவைத் திறந்து வை.

பெட்டியின் மூடியைத் திறக்காதே.

சிரில்


விஷ்னி பொடோக்
நவம்பர் 20

தம்பி சிரிலுக்கு,

கர்த்தர் காப்பாராக. நான் சுகம். நீதான் சுகமில்லாதவன் மாதிரி எழுதியிருக்கிறாய். வணக்கம்கூட இல்லை. கடவுள் கைகொடுக்கட்டும் என்று நீ ஆரம்பிக்காத முதல் கடிதம் இது.

மே மாதத்திலிருந்து வாய் திறக்காமல் இருந்துவிட்டு, திடீரென்று மேலதிகாரி போல உத்தரவு போடுகிறாய். அதைச் செய், இதைச் செய்யாதே, ரோஜாவைப் பிடுங்கு. ஏன் என்று ஒரு சொல் இல்லை. முழங்காலாம்! என் முழங்காலைப் பற்றி எனக்கே சொல்கிறாயா? பத்தொன்பது வருடமாக இந்தப் பங்குக்கு அப்பம் சுடுகிறவள் நான். கதரீனா திருநாள் அன்று, இருபத்தைந்தாம் தேதி, எட்டு மணிப் பூசை முடிந்ததும் கீழறையில் அடுப்பைப் பற்றவைக்கிறேன். மாக்டா உதவிக்கு வருகிறாள். மார்டாவை விட்டுப் போன் செய்யச் சொல்லாதே, எடுக்க மாட்டேன். காரணத்தை எழுதி அனுப்பு, அப்புறம் பேசலாம்.

கேட்டதற்குப் பதில்: சூடு கொஞ்சம் குறைந்துதான் இருக்கிறது, முன்னைவிட அதிகம் உறுமுகிறது. மூடி துருப்பிடித்தது, அதற்கு நான் என்ன செய்ய?

சிரிக்க ஒன்று சொல்கிறேன், உன் மூஞ்சி இறங்கியிருக்கும் என்று தெரியும். நேற்று கரித்தொட்டியைக் கழுவப் போனேன். அடியில் நாலு எலி செத்துக் கிடந்தன. பொறியும் இல்லை, மருந்தும் இல்லை, பூனையும் இல்லை. உன் பெட்டி எலியையும் விரட்டுகிறது என்று கம்பெனியில் சொல், விளம்பரத்தில் போடட்டும். குனிந்து அள்ளும்போது எனக்கே தலை சுற்றிவிட்டது, பாதி வாளியோடு மேலே வந்துவிட்டேன். ரத்த அழுத்தமாக இருக்கும்.

ஏடிடா


ரயிலில்
நவம்பர் 25, காலை

அக்கா,

இந்தக் கடிதத்தை நானே உன் கையில் கொடுப்பேன். கொடுக்க நீ இருக்க வேண்டும். நேரில் எனக்கு வாய் வராது, அதனால் எழுதுகிறேன். ரயில் ஆடுகிறது, எழுத்தைப் பொறுத்துக்கொள்.

நேற்று மத்தியானம் ஷிஃப்ட் முடிந்து வந்தேன். மார்டா உன் கடிதத்தைக் கொடுத்தாள். எலி என்கிற இடத்துக்கு வந்ததும் எழுந்து, மார்டாவின் கையில் போனைத் திணித்தேன்.

அக்டோபர் கடைசியில் வாடிக்கையாளர் வீட்டில் இருந்து ஒரு பெட்டி திரும்பி வந்தது. சூடு தரவில்லை என்று புகார். ஸிமோனாவும் இன்னொரு பொறியாளரும் திறந்தார்கள். உள்ளே வாயுவே இல்லை. அடிப்பக்கத்து இணைப்பு ஒன்றில் மயிரிழை அளவு விரிசல், அதன் வழியே எல்லாம் போய்விட்டது. நான் பக்கத்தில் நின்றிருந்தேன். உள்மூடியில் என் எழுத்து. மே மாதம், அந்த எட்டு நாளில் நான்காவது நாள், "சி".

ஸிமோனா ஏதோ எடுக்கத் திரும்பினாள். நான் சட்டைக் கையால் அதைத் துடைத்துவிட்டேன்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மார்டாவிடமும் இல்லை. வண்டியில் கொண்டுபோகும்போது இடிபட்டு விரிந்திருக்கும் என்று எழுதி முடித்துவிட்டார்கள். அன்றைக்கு வேலை நேரத்தில் பெலோவையும் மற்றவர்களையும் கவனித்துப் பார்த்தேன். மூக்கை எடுக்கிறார்கள், கை மேலே போகிறது. மேல் இணைப்பு, விசிறி, பக்கவாட்டு எல்லாம் பார்க்கிறார்கள், நேரம் முடிகிறது, அடியில் ஒரு தடவை சும்மா வீசிவிட்டு எழுதிவிடுகிறார்கள். நான் கற்றுக்கொடுத்தது அப்படியே. இப்போது சோதனை அறை இருக்கிறது, அதனால் ஆபத்தில்லை. ஆனால் அந்த எட்டு நாளில் அறை இல்லை. எங்கள் கைதான் இருந்தது.

அந்த நூற்றுப் பன்னிரண்டில் ஒன்று உன் வீட்டுச் சுவரில் நிற்கிறது. அடுப்பு கேஸ் போல வாசனைகூட இல்லாத கனமான வாயு, தரையோடு தவழ்ந்து பள்ளத்தைத் தேடும். மூடிக்குக் கீழே உன் கரித்தொட்டி. அதற்குப் பக்கத்தில் உன் அடுப்பு.

மார்டா நேற்று பதினாலு முறை கூப்பிட்டாள், நீ எடுக்கவில்லை. இம்ரோ வெளியூரில் இருக்கிறானாம். கிராமத் தலைவர் வீட்டில் அவர் மகள் எடுத்து, "சொல்றேன்" என்றாள். சொன்னாளோ என்னவோ. "தீயணைப்புக்குச் சொல்லுங்களேன்" என்று மார்டா காகிதத்தில் எழுதி என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன்.

ஏன் என்று கேட்டால் சொல்கிறேன், நீ உண்மையைத்தானே கேட்டாய். தீயணைப்பு வந்தால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். எனக்குப் பயம். ஆறு பேருக்கும் வேலை போய்விடும். பெலோவின் மனைவிக்கு இப்போதுதான் அறுவை சிகிச்சை முடிந்தது. "சுரங்கக்காரனுங்களை எடுத்தோம் பாரு" என்று சொல்லி இனி நம் ஆட்களை ஒருத்தரும் சேர்க்க மாட்டார்கள். அதனால் முதல் ரயிலில் நானே போய் யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். விடிகிறவரை கண்ணுக்குள் உன் அடுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது மணி எட்டு ஐம்பது. உன் பூசை முடிந்திருக்கும். ஒன்பது நாற்பதுக்குத்தான் ரயில் சேரும். இந்த ரயில் ஏன் ஒவ்வொரு குக்கிராமத்திலும் நிற்கிறது?

யாரிடமும் சொல்லாதே அக்கா. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

சிரில்


விஷ்னி பொடோக்
நவம்பர் 30

தம்பி சிரிலுக்கு,

கர்த்தர் உன்னைக் காப்பாராக. உனக்கு அது இப்போது தேவைப்படுகிறது. நான் சுகம். உயிரோடு இருக்கிறவள் அப்படித்தான் எழுத வேண்டும்.

நீ அன்று கண்ணை மூடிக்கொண்டு ஓடி வந்தாய், என்ன பார்த்தாய் என்று உனக்கே தெரியாது. நான் சொல்கிறேன். கதரீனா அன்று முதலில் ஆண்பிள்ளை வாசல் மிதித்தால் வீட்டுக்கு நல்லது என்பார்கள். நீ கதவைத் தட்டவில்லை, தோளால் இடித்துக்கொண்டு வந்தாய். அப்போது நான் கீழறைப் படியில் மூன்றாவது கல்லில் உட்கார்ந்திருந்தேன், முழங்கால் பிடித்துக்கொண்டதால். மடியில் மாவுப் பாத்திரம். என் ஏப்ரன் பையில் தீப்பெட்டி. மாக்டா எனக்குக் கீழே நின்றுகொண்டு, "குடுங்கக்கா, நான் பத்தவைக்கிறேன்" என்று கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

முழங்காலைத் திட்டுவதை விட்டுவிட்டேன்.

நீ எங்கள் இருவரையும் பனியில் இழுத்துப் போட்டாய், லைட்டைத் தொடாதே என்று கத்தினாய், மூடியைப் பெயர்த்து எறிந்தாய், பெட்டியை நிறுத்தினாய். பிறகு சமையலறையில் முட்டைக்கோஸ் சூப்பை மூச்சுவிடாமல் குடித்தாய். கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு மத்தியான ரயிலுக்குப் போய்விட்டாய். என்னைப் பார்க்கவே இல்லை.

நான் படித்தேன். ஐந்து நாளாகப் படிக்கிறேன்.

உன் மீது எனக்குக் கோபமில்லை என்று எழுத நினைத்தேன், அது பொய். கை பழக்கத்தில் மேலே போனதற்குக் கோபமில்லை. யாருடைய கையும் அப்படிப் போகும். சட்டைக் கையால் துடைத்தாயே, அதற்குத்தான். தீயணைப்பைக் கூப்பிடாமல் தலையாட்டினாயே, அதற்குத்தான். என்னைவிட உன் பயம் உனக்குப் பெரிதாகப் போய்விட்டது சிரில். நான் பதினேழு மணி நேரம் வாசலில் நின்றவள்.

டுபெட்ஸாவது எழுதிவிட்டுப் போனான். நீ எழுதியதை அழித்துவிட்டுப் போனாய்.

நூற்றுப் பன்னிரண்டு என்றாய். ஒன்று திரும்பி வந்தது, ஒன்று என்னுடையது. மிச்சம் நூற்றுப் பத்து வீடு. அந்த வீட்டுக்காரர்களுக்கு முதல் ரயிலில் ஓடி வர ஒரு தம்பி இல்லை. அவர்களும் கிறிஸ்துமஸுக்கு அடுப்பு மூட்டுவார்கள், கீழே மெழுகுவர்த்தி எடுத்துப் போவார்கள், எலி செத்தால் சிரிப்பார்கள்.

இன்று இரண்டு கடிதம் தபாலில் போட்டேன். ஒன்று உனக்கு. இன்னொன்று கம்பெனி விலாசத்துக்கு, ஸிமோனா என்று பேர் போட்டு. உன் ரயில் கடிதத்தை வரிக்கு வரி என் கையாலேயே பெயர்த்து எழுதியிருக்கிறேன். உனக்கு வருகிற அன்றே அதுவும் போய்ச் சேரும்.

இதைப் படித்ததும் உட்காராதே. மேல்சட்டையைக்கூடக் கழற்றாதே. அவள் உறையைக் கிழிப்பதற்கு முன்னால் நீ அவள் முன்னால் போய் நில். அது ஒன்றுதான் என்னால் உனக்காகச் செய்ய முடிந்தது.

உன் அக்கா,
ஏடிடா


யெல்ஷோவெட்ஸ்
டிசம்பர் 4, பார்பரா திருநாள்

அன்புள்ள அக்காவுக்கு,

கடவுள் கைகொடுக்கட்டும். நான் சுகம் என்று எழுத முடியவில்லை. மார்டா சுகம். நீ சுகமா?

நேற்று முன்தினம் கடிதம் வந்தது. மேல்சட்டையைக் கழற்றவில்லை. கூடத்துக்குள் போனபோது ஸிமோனா மேசையில் தபால் கட்டு இருந்தது, உன் உறை அடியில் கிடந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். மெதுவாகப் பேசத் தெரியாது எனக்கு, கூடமே கேட்டிருக்கும். அவள் திட்டவில்லை. கேட்டது ஒன்றுதான்.

"துடைச்சது நீங்கதானா சார்? நான் திரும்பறப்ப சாக்பீஸ் தூள் பாத்தேன். இவர் அப்படிச் செய்ய மாட்டார்னு நினைச்சேன்."

அவள் உதட்டைப் படித்தபோது, படிக்கத் தெரியாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

ஒரு மணி நேரத்தில் கூடத்தை நிறுத்திவிட்டார்கள். எட்டு நாள் பெட்டிகளின் எண்களை எடுத்து, விலாசம் தேடி, ஆள் போட்டுப் போன் செய்யத் தொடங்கினார்கள். அந்தந்த ஊர்த் தீயணைப்புக்கும் சொல்லிவிட்டார்கள். இதுவரை பதினெட்டுப் பெட்டியில் கசிவு. பதினேழு இடத்தில் திறந்த வெளி, ஒன்றும் ஆகவில்லை. ஒரு இடத்தில் கிணற்றுக் குழிக்குள் வாயு நின்றிருந்தது, தீயணைப்புக்காரர்கள் எடுத்துவிட்டார்கள். என்னை வேலையில் இருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மற்ற ஐந்து பேரையும் திரும்பப் பயிற்சிக்கு அனுப்புகிறார்களாம், இந்த முறை மூன்று வாரம். பெலோ எதிரே வந்தால் தெருவின் அந்தப் பக்கம் போகிறான். இன்று எங்கள் காவல் புனிதை பார்பராவுக்காகச் சுரங்கக்காரர்கள் எல்லோரும் கோவிலுக்குப் போனார்கள். நான் போகவில்லை.

இன்று காலை ஸிமோனா வீட்டுக்கு வந்தாள். நூற்று ஒன்பது வீடு கிடைத்துவிட்டது அக்கா. ஒன்று மிச்சம். ஹ்ராபோவா என்று மலைமேல் ஓர் ஊர். வாங்கியவர் பேர் தெரியும், கணவன், மனைவி, மனைவியின் அம்மா. பெட்டியை அங்கே பொருத்தியவனைக் கேட்டார்கள். கீழறை ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் வைத்தானாம். அவன் அப்போது எடுத்து அனுப்பிய புகைப்படத்தில் உள்மூடி திறந்திருக்கிறது, என் எழுத்து இருக்கிறது. இரண்டு நாளாக யாரும் போன் எடுக்கவில்லை. பனியில் பாதை மூடிக்கிடக்கிறது. தீயணைப்பு வண்டி பனி வாரும் வண்டிக்குப் பின்னால் ஏறிக்கொண்டிருக்கிறது. அங்கே போய்ச் சேர இன்னும் நாற்பது நிமிடம் என்றார்கள்.

அதுவரை கூப்பிட்டுக்கொண்டே இருக்கலாம் என்று மார்டா உட்கார்ந்திருக்கிறாள். ஸிமோனா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். எனக்கு மணி அடிப்பது கேட்காது. யாராவது எடுத்தால் மார்டாவின் உதடு அசையும், அப்போதுதான் எனக்குத் தெரியும். எதிரே உட்கார்ந்து, ஒரு வரி எழுதிவிட்டுத் தலையைத் தூக்கிப் பார்க்கிறேன். இன்னொரு வரி எழுதிவிட்டுப் பார்க்கிறேன்.

இன்னும் அசையவில்லை.

உன் தம்பி,
சிரில்